எச்.ஆர். தலைமை மாறுகிறது என்கிறார்களே, என்னதான் மாறுகிறது? கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில், அதாவது வருகைப் பதிவு பார்க்கும் இடத்தில், கிளார்க்காகச் சேர்ந்தவன் நான். இப்போது புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர்., அதாவது மனிதவளத் துறையைப் பார்த்துக்கொள்கிறேன். நடுவில் இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. கல்லூரிகளுக்குப் பேசப் போனால் மாணவர்கள் கேட்பார்கள். சிறு யூனிட் வைத்திருப்பவர்கள் ராத்திரி போனில் கேட்பார்கள். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் கேட்டிலேயே நிறுத்திக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

பர்சனல் மேனேஜர் என்றார்கள், அப்புறம் எச்.ஆர். மேனேஜர், இப்போது சி.எச்.ஆர்.ஓ. (தலைமை மனிதவள அதிகாரி). கதவில் இருக்கும் போர்டைத் தவிர வேறென்ன மாறியது?

நியாயமான சந்தேகம்தான். பல கம்பெனிகளில் போர்டு மட்டுமே மாறியிருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். ஒரு காலத்தில் ஆலைக்கு ஆள் எடுப்பது மேஸ்திரியின் கையில் இருந்தது. வேலை வேண்டுமா, மேஸ்திரிக்குக் கொடு. லீவு வேண்டுமா, அதற்கும் கொடு. தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931இல் அறிக்கை தந்த விட்லி கமிஷன் இதைப் பார்த்துவிட்டு, ஆள் எடுக்கும் பொறுப்பைத் தனியாக ஒரு தொழிலாளர் அதிகாரியிடம் கொடுங்கள் என்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நலன் அதிகாரி கட்டாயம் என்று 49ஆம் பிரிவில் எழுதியது. சம்பளம் கொடுப்பவர் முதலாளி, பார்க்கவேண்டியது தொழிலாளியின் நலன். எச்.ஆர்.காரர்களின் தலைவலி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த பர்சனல் மேனேஜர் பெரும்பாலும் கோர்ட்டு, யூனியன், சார்ஜ் மெமோ என்று அலைந்தவர். 1991இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு 'மனிதவளம்' என்ற சொல் பரவியது. அமெரிக்கப் பேராசிரியர் டேவ் உல்ரிக் 1997இல் இந்தத் துறைக்கு நான்கு வேலைகளை வகுத்தார்: நிர்வாகத்தோடு உட்கார்ந்து திட்டமிடுவது, மாற்றம் வரும்போது அதை நடத்திக் கொடுப்பது, காகித வேலையைக் கச்சிதமாக முடிப்பது, ஊழியருக்காகப் பேசுவது. மூன்றாவதை மட்டுமே செய்து மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவர்கள் நம் பக்கம் ஏராளம். குறை சொல்லவில்லை, எனக்கே பதினைந்து வருடம் அப்படித்தான் போனது.

இப்போது அந்த மூன்றாவது வேலை மெஷினுக்குப் போய்விட்டது. மாற்றம் என்று நான் சொல்வது அதைத்தான். கையில் ரிஜிஸ்டர் இருந்தவரை அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடிந்தது. "நேரமில்லை, மஸ்டர் முடிக்கணும்" என்று சொல்லிவிட்டால் ஆள் போய்விடுவார். இனி அந்தச் சாக்கு கிடையாது. முகம் கொடுத்துப் பேசியே ஆகவேண்டும்.

எல்லாவற்றையும் சாப்ட்வேரே செய்கிறதே, பிறகு எச்.ஆர். எதற்கு?

ஒரு விரலின் கதையைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் கைரேகை வைக்கும் மெஷினைக் கொண்டுவந்தார்கள். அதுவரை டைம் ஆபீஸில் சிவப்பு மையால் ஆப்சென்ட் போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு நிம்மதி. காண்ட்ராக்டில் டிரம் கழுவும் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கரைப்பானும் சோடாவும் பட்டுப் பட்டு விரல் நுனி வழவழவென்று ஆகியிருந்தது. கட்டைவிரலைச் சட்டையில் துடைப்பார், வாயில் வைத்து ஈரம் தொடுவார், திரும்ப வைப்பார். மெஷின் சிவப்பாகவே எரியும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள். "விழமாட்டேங்குது தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

மாதக் கடைசியில் நான்கு நாள் சம்பளம் பிடித்தம். என் மேசைக்கு வந்தார்.

"சார், நான் வந்தேன் சார். கேட்ல செக்யூரிட்டிய வேணா கேளுங்க."

"சிஸ்டத்துல இல்லையேண்ணே, நான் என்ன பண்ண முடியும்?"

சொன்னது நான்தான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண் பக்கத்து மேசையில் இருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் கேட் ரிஜிஸ்டரையும் கேண்டீன் டோக்கன் நோட்டையும் எடுத்துவந்தார். நான்கு நாளும் அந்தப் பெரியவர் உள்ளே வந்திருக்கிறார், நான்கு நாளும் மதியச் சாப்பாட்டு டோக்கன் வாங்கியிருக்கிறார். கால் மணி நேர வேலை. சம்பளம் திரும்பக் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சிஸ்டம் யாரையும் ஆப்சென்ட் ஆக்கக்கூடாது. விரல் விழாதவர்களுக்கு அட்டை. அந்தப் பெரியவர் என்னவோ இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார். ஏன் என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தப் பெண் இப்போது சென்னையில் ஒரு பெரிய இடத்தில் எச்.ஆர். தலைவர்.

எச்.ஆர். எதற்கு என்றால், எழுந்து போய் அந்த டோக்கன் நோட்டை எடுத்துவருவதற்கு.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. எச்.ஆர். தலைவர் முதலில் எதில் கைவைக்க வேண்டும்?

சம்பளச் சீட்டில்.

29 மத்தியச் சட்டங்களை நான்காகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்று நான்கு. எல்லாவற்றிலும் பெரிய இடி, 'ஊதியம்' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கம். அலவன்ஸ் வகையறாக்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மேலே போன பங்கை ஊதியத்தோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். மாதம் 30,000 ரூபாய் வாங்குகிறவருக்கு பேசிக் 9,000, மீதியெல்லாம் அலவன்ஸ் என்று வைத்திருப்பார்கள். பி.எஃப்., கிராஜுட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) குறையட்டும் என்று செய்த வேலை அது. இனி ஊதியம் 15,000 ஆகிறது. பி.எஃப். பிடித்தம் 1,080இலிருந்து 1,800க்குப் போகும். கையில் 720 ரூபாய் குறையும். கம்பெனியும் தன் பங்குக்கு 720 கூடுதலாகக் கட்ட வேண்டும். கிராஜுட்டியைப் பாருங்கள்: பத்து வருட சர்வீசுக்கு, கடைசி மாத ஊதியம் 9,000 என்றால் 51,923 ரூபாய். 15,000 என்றால் 86,538.

இதைத் தொழிலாளியிடம் யார் சொல்வது? அக்கவுண்ட்ஸ் சொல்லாது. சாப்ட்வேர் புதுச் சீட்டை அடித்துத் தரும், 720 ரூபாய் எங்கே போனது என்று சொல்லாது. தெரிந்த ஒரு யூனிட்டில் இப்படிச் சீட்டை மட்டும் மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் 'கம்பெனி காசு அடிக்கிறது' என்று சுற்ற ஆரம்பித்துவிட்டது. இத்தனைக்கும் அது அவர்களுக்கு நல்லது செய்கிற மாற்றம்.

இன்னும் சில: எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம். வேலையை விட்டுப் போனவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைக் கணக்கு முடிக்க வேண்டும். "மாசக் கடைசில வந்து பாருங்க" என்ற வசனத்துக்கு இனி வேலையில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்த ஆளுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுட்டி உரிமை வருகிறது, ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குறைதீர்ப்புக் குழு வேண்டும்.

எங்களுக்குக் கடலூரில் ஒரு யூனிட், புதுச்சேரியில் ஒரு யூனிட். ஒரே எச்.ஆர். கொள்கையை இரண்டுக்கும் வைக்கலாமா?

தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் முள்ளோடையைத் தாண்டியதும் அரசாங்கம் மாறிவிடும். குறைந்தபட்சக் கூலி வேறு. அரசு விடுமுறை வேறு. ஆகஸ்ட் 15 முடிந்து 16ஆம் தேதியும் புதுச்சேரியில் விடுமுறை, நவம்பர் 1 விடுதலை நாள். கடலூர்க்காரருக்கு இரண்டும் சாதாரண நாள். கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் தமிழ்நாடு 2021இல் ஒரு திருத்தம் செய்து, கடையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்றது. அது தமிழ்நாட்டுச் சட்டம், எல்லையோடு நின்றுவிடும்.

ஆகவே கொள்கையை ஒன்றாக வையுங்கள், அட்டவணையை இரண்டாக வையுங்கள். எங்கே அதிகச் சலுகை இருக்கிறதோ அதை இரண்டு பக்கமும் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். உட்கார ஒரு ஸ்டூல் போடுவதற்கு எந்தச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டும்? விடுமுறையில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுவார்கள், சரி, ஒருவருக்கு ஆகஸ்ட் 16 என்றால் இன்னொருவருக்கு மாசி மகம் என்று ஈடுகட்டிக்கொள்ளலாம். தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரி நடக்கும் நாளில் பாதி ஷிப்ட் எப்படியும் வராது என்பது டைம் ஆபீஸில் இருந்த எவருக்கும் தெரியும்.

யூனியன் எல்லாம் இப்போது பெரிய விஷயமா? நவீன எச்.ஆர். பேச்சில் அந்தச் சொல்லையே காணோமே?

புதுச்சேரியில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா?

1936 ஜூலை 30 அன்று, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், சவானா மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1937இல் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. அந்த மில்களின் வாரிசுகள்தான் இன்றைக்கும் நம் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். ரோடியர் மில் என்று ஊர் அழைத்த ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரலோடு மூடப்பட்டபோது, எங்கள் ஷிப்டிலேயே நான்கைந்து பேர் வீட்டில் துக்கம் நடந்த மாதிரி இருந்தார்கள். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ சோறு போட்ட இடம்.

இந்தப் பின்னணி தெரியாமல் வருகிற இளம் எச்.ஆர்.களுக்கு எட்டு மணி நேரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று புரியாது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது முக்கியமாகச் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லித்தான்.

மாறியிருப்பது பேச்சுவார்த்தையின் வேகம். முன்பு யூனியன் செயலாளர் ஒருவரிடம் பேசினால் போதும், அவர் கூட்டம் போட்டுச் சொல்வார், இரண்டு நாள் ஆகும். இப்போது மேசையில் நீங்கள் சொன்ன வார்த்தை டீ வருவதற்குள் ஷிப்ட் குரூப்பில் வாய்ஸ் மெசேஜாகப் போய்விடுகிறது. அதனால் மேசையில் ஒன்று, வெளியே ஒன்று பேசுகிற பழைய சாமர்த்தியம் செல்லாது. எனக்குத் தெரிந்த பழைய பர்சனல் மேனேஜர்கள் சிலர் இதில்தான் தடுக்கி விழுந்தார்கள். புது ஆட்கள் தடுக்கி விழுவது வேறு இடத்தில்: எதிரில் ஒருவர் மேசையைத் தட்டிப் பேசினால் அவர்களுக்கு உட்காரத் தெரியவில்லை. லேப்டாப்பைத் திறந்து எதையோ காட்ட ஆரம்பிக்கிறார்கள்.

புதிய தொகுப்பில், பல சங்கங்கள் இருந்தால் 51 சதவீத உறுப்பினர் உள்ள சங்கத்துக்குத் தனியாகப் பேசும் உரிமை, அப்படி ஒன்று இல்லாவிட்டால் சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு, வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு என்று விதி. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அதை மிரட்டலுக்குப் பயன்படுத்தினால் பதினைந்தாவது நாள் என்ன செய்வீர்கள் என்றும் யோசித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் தேர்வுக்கு ஏ.ஐ. பயன்படுத்தலாமா?

முதல் சலிப்புக்குப் பயன்படுத்தலாம். முடிவை அதனிடம் விடாதீர்கள். அமேசான் இப்படி ஒரு மென்பொருளைச் செய்துபார்த்தது. பத்து வருட விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அதில் பெரும்பாலும் ஆண்கள். அதுவும் ஆண்களையே நல்லவர்கள் என்று கற்றுக்கொண்டு, 'பெண்கள்' என்ற சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. கடைசியில் கைவிட்டார்கள். 2018இல் செய்தி வெளியே வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டம், ஆள் எடுக்கும் ஏ.ஐ.யை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது.

நம் ஊர்ச் சிக்கல் வேறு. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. முடித்த பையன்களின் பயோடேட்டா பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் தயாராகிறது. ஐம்பது பேருக்கும் ஒரே லட்சிய வாக்கியம், ஒரே பொழுதுபோக்கு. மெஷின் ஐம்பது பேருக்கும் ஒரே மதிப்பெண் போடும். அதில் எந்தப் பையன் அப்பாவோடு மோட்டார் காயில் கட்டி வளர்ந்தவன் என்பது ஐந்து நிமிடம் பேசினால்தான் தெரியும்.

அப்புறம் இந்த இனிஷியல். எல்லா சாப்ட்வேரும் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஆதாரில் 'முருகன் கே', பி.எஃப். கணக்கில் 'கே. முருகன்', பான் அட்டையில் 'கந்தசாமி முருகன்'. ஒரே ஆள், மூன்று பெயர். பெண் கல்யாணத்துக்குப் பி.எஃப். பணம் எடுக்கப் போனால் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். கல்யாணம் காத்திருக்குமா? சேரும் நாளிலேயே மூன்று அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்கிற எச்.ஆரைத் தொழிலாளி கடைசிவரை மறக்கமாட்டார். மதிப்பெண் போடும் எந்த ஏ.ஐ.யைவிடவும் இதற்கு மதிப்பு அதிகம் என்பது என் கட்சி.

வருடாந்திர அப்ரைசல் (ஊழியர் மதிப்பீடு) ஒழிந்துவிட்டதா?

அடோபி 2012இல் நிறுத்தியது. ஊழியர்களை வரிசைப்படுத்திக் கடைசியில் இருப்பவரைக் கழிக்கும் முறையை மைக்ரோசாப்ட் 2013இல் விட்டது. நம் பக்கம் அதை இப்போதுதான் புதுசு என்று வாங்கிவந்து மாட்டுகிறார்கள். ஐந்து பேர் இருக்கும் மெயின்டனன்ஸ் பிரிவில்கூட ஒருவரைக் கட்டாயம் மோசம் என்று எழுதச் சொன்னால், அந்த சூப்பர்வைசர் வருடத்துக்கு ஒருவராகச் சுழற்சி முறையில் எழுதுகிறார். கண்ணால் பார்த்தேன்.

வீட்டிலிருந்தே வேலை?

ரியாக்டரை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் கொடுத்தால் ஷாப் ஃப்ளோர் முகம் சுளிக்கும். கொடுப்பதானால் ஷிப்ட்காரர்களுக்கும் மாற்றாக ஏதாவது ஒன்று, உதாரணமாக ஷிப்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுங்கள்.

பெண்களுக்கு இரவு ஷிப்ட், பாலியல் தொல்லைப் புகார்க் குழு: இதெல்லாம் காகிதத்தில்தானே?

பல இடங்களில் ஆமாம். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் புகார்க் குழுப் பட்டியலைப் போய்ப் படித்துப் பாருங்கள். வேலையை விட்டுப்போய் மூன்று வருடம் ஆனவரின் பெயர் இருக்கும், அவருடைய பழைய எக்ஸ்டென்ஷன் நம்பரும் இருக்கும்.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்தாலே குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் வேலை செய்கிறவர் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். இது தெரியாததாலேயே சின்னக் கடைகளில் எத்தனையோ பெண்கள் புகார் செய்யாமல் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

இரவு ஷிப்டைப் புதிய தொகுப்பு பெண்ணின் சம்மதத்தோடு அனுமதிக்கிறது. சம்மதக் கடிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சுலபம். ராத்திரி வேன் அந்த அக்காவை மெயின் ரோட்டில் இறக்கிவிடுகிறதா, வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறதா? ஒரு நாள் நீங்களும் அந்த வேனில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்து வாங்குங்கள்.

புயல், வெள்ளம் வந்தால் எச்.ஆர். என்ன செய்ய வேண்டும்? எங்கள் பாடத்தில் இது இல்லை.

இருக்காது. பாடம் எழுதியவர்கள் கடலூரில் இல்லை.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தது, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். மறுநாள் வருடக் கடைசி, சம்பளம் போடும் நேரம். கரண்ட் இல்லை, போன் இல்லை. யார் எந்த ஊரில் இருக்கிறார், வீடு நிற்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ரிஜிஸ்டரில் முகவரி இருந்தது, சேர்ந்த வருடம் எழுதிய முகவரி. பண்ருட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் ஒன்பதாம் நாள் வந்தார். பலா, முந்திரி எல்லாம் வேரோடு போய்விட்டது என்றார். நாங்கள் அவருக்கு ஏற்கெனவே தகவல் சொல்லாமல் வராததற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் தயார் செய்து வைத்திருந்தோம். விதிப்படி சரி. எட்டு நாள் வராவிட்டால் நோட்டீஸ். அதை அவர் எதிரிலேயே மேசை டிராயருக்குள் தள்ளி மூடியது நினைவிருக்கிறது.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் வந்தது. திரும்பவும் மாதக் கடைசி. புயலுக்கும் சம்பளத் தேதிக்கும் என்ன பகையோ. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அது ஓய்ந்தது என்று மூச்சு விடுவதற்குள், சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கக் கிராமங்களுக்குள் புகுந்தது. இந்த முறை எங்களிடம் ஊர்வாரியாகப் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒருவர் பொறுப்பு. சம்பளத்தை 29ஆம் தேதியே போட்டுவிட்டோம். புயல் நாளுக்கு லீவு கழிக்கவில்லை. வராதவரை அழைத்தபோது முதல் கேள்வி 'எப்ப வர்றீங்க' அல்ல, 'சாப்பிட்டீங்களா'. வடக்கிலிருந்து வந்த பையன்கள் தங்கியிருந்த வரிசை வீட்டில் தண்ணீர். பட்டியலில் அவர்கள் 'காண்ட்ராக்டர் பொறுப்பு' என்று மட்டும் இருந்தார்கள். காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. கேண்டீன் ஹாலில் தங்கவைத்தோம். அடுத்த பட்டியலில் அவர்கள் பெயரும் ஏறிவிட்டது.

எச்.ஆர். படிக்க எம்.பி.ஏ. நல்லதா, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) நல்லதா?

எதுவானாலும் சரி, முதல் இரண்டு வருடம் தொழிற்சாலையில் இருங்கள். ஒரு உள் விசாரணையை ஆரம்பம் முதல் கடைசிவரை கூட உட்கார்ந்து எழுதுங்கள். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்கு வீடு தேடிப் போகும் பழக்கம் இருக்கும், எக்செல் பார்த்தால் பயம் இருக்கும். எம்.பி.ஏ. ஆட்களுக்கு நேர் எதிர்.

நேராகக் கேட்கிறேன் சார், எச்.ஆர். யாருடைய ஆள்?

நிர்வாகத்தின் ஆள். சம்பளம் தருவது அவர்கள். 'நான் உங்களில் ஒருவன்' என்று ஷாப் ஃப்ளோரில் போய்ச் சொல்கிற எச்.ஆரை நான் நம்பமாட்டேன், அவர்களும் நம்பமாட்டார்கள். ஆனால் நிர்வாகத்தின் ஆள் என்பதற்காகத் தொழிலாளியிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை. "இன்கிரிமெண்ட் இந்த வருஷம் இல்லை, காரணம் இது" என்று சொல்லலாம். "மேலே பேசிட்டிருக்கேன்" என்று ஆறு மாதம் இழுப்பதுதான் துரோகம். நிர்வாகத்திடமும் அப்படித்தான். இதைச் செய்தால் ஆட்கள் போய்விடுவார்கள் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், போனபிறகு அட்ரிஷன் கணக்கை, அதாவது எத்தனை பேர் போனார்கள் என்பதை, வண்ண வண்ணமாகப் போட்டுக் காட்டக்கூடாது.

தட்டாஞ்சாவடியில் 120 பேர் வைத்து யூனிட் நடத்துகிறேன். முதல்முறையாக எச்.ஆர். தலைவர் ஒருவரை எடுக்கப்போகிறேன். நேர்காணலில் என்ன கேட்பது?

சட்டத்தைக் கேளுங்கள், தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு அரை மணி நேரம் போதும். பிறகு, முந்தைய கம்பெனியில் முதலாளி சொன்ன எதையாவது வேண்டாம் என்று தடுத்தாரா, எப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் யோசியுங்கள். வருகிறவர் உங்களிடமும் ஒன்றையும் தடுக்கமாட்டார். தப்பு நடந்தபிறகு லேபர் ஆபீஸில் உங்கள் சார்பாகக் கைகட்டி நிற்பார், அவ்வளவுதான்.

அப்புறம் அவரை மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். ஷிப்ட் மாறும் நேரம். கேட்டிலிருந்து உங்கள் அறை வரைக்கும் கூடவே நடந்து வாருங்கள். எதிரே கேண்டீன் பாத்திரம் தூக்கிக்கொண்டு வருகிற அம்மாவுக்கு வழி விடுகிறாரா, போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாரா என்று கவனியுங்கள். சம்பளம் எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.